குடுவையோடு நின்றுவிடும் ஆராய்ச்சி

புது தில்லி: அக்டோபர் கடைசி வாரத்தில் தலைநகரின் வானம் சாம்பல் நிறம் பூணத் தொடங்குகிறது. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் அறுவடை முடிந்த நெல் வயல்களில் எரிக்கப்படும் வைக்கோலின் புகை, வாகனப் புகையோடும் கட்டடத் தூசியோடும் கலந்து நகரைக் கவிகிறது. உச்ச நீதிமன்றம் கண்டிக்கிறது. மத்திய அரசும் மாநில அரசுகளும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. 2024 நவம்பரில், வைக்கோல் எரிப்பவர்களுக்கான அபராதம் இரு மடங்காக்கப்பட்டு, நிலத்தின் பரப்புக்கு ஏற்ப 5,000 ரூபாய் முதல் 30,000 ரூபாய் வரை என நிர்ணயிக்கப்பட்டது.

இந்த இரைச்சலுக்கு அப்பால், நாட்டின் பல பொறியியல் கல்லூரிகளில் வேதிப் பொறியியல் பயிலும் மாணவர்கள் அதே வைக்கோலைக் கையளவு எடுத்து, நறுக்கி, காரத்திலிட்டுக் காய்ச்சி, அதிலிருந்து காகிதக்கூழோ எத்தனாலோ சிலிக்காவோ பிரித்தெடுக்க முடியுமா என்று பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் முடிகிறது. அறிக்கை எழுதப்பட்டு, அட்டை போட்டுக் கட்டப்பட்டு, மதிப்பெண் பெற்று நூலகத்துக்குப் போகிறது. அடுத்த அக்டோபரில் வைக்கோல் மீண்டும் வயலில் எரிகிறது. வெற்றி பெற்ற சோதனைக்கும் எரியும் வயலுக்கும் இடையே நடக்காமல் போவது எது என்பதுதான் கேள்வி.

பழகிப்போன தலைப்புகள்

வேதிப் பொறியியல் மாணவர் இறுதியாண்டில் செய்யும் திட்டப்பணி பொதுவாக இரண்டு வகைப்படும். ஒன்று, காகிதத்திலேயே ஓர் ஆலையை வடிவமைப்பது. நாளொன்றுக்கு 100 டன் நைட்ரிக் அமிலமோ அசிட்டோனோ தயாரிக்கும் ஆலைக்கு எவ்வளவு மூலப்பொருள் தேவை, எத்தனை வெப்பமாற்றிகள் வேண்டும், வாலைவடிக் கோபுரம் எவ்வளவு உயரம், முதலீடு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். மிக நல்ல பயிற்சி இது. ஆனால் தலைப்புகள் தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருப்பதால், மூத்த மாணவரின் அறிக்கையில் பெயரையும் ஆண்டையும் மாற்றிச் சமர்ப்பிக்கும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு என்பதை ஆசிரியர்களும் அறிவார்கள். திட்டப்பணியை விலைக்குச் செய்து தரும் கடைகள் கல்லூரிகள் நிறைந்த எந்த நகரத்திலும் காணக்கூடியவை.

மற்றொன்று, ஆய்வுக்கூடத்தில் உண்மையாகவே செய்யப்படும் சோதனை. சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து நிறத்தை நீக்குவது, சமைத்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து பயோ டீசல் எடுப்பது, கரும்புச் சக்கையையோ தேங்காய் ஓட்டையோ கரியாக்கி உலோக மாசுகளை உறிஞ்சச் செய்வது, வைக்கோலைச் சர்க்கரையாக்குவது எனப் பெரும்பாலும் நாட்டின் கண்ணெதிரே இருக்கும் தொல்லைகளே இவற்றின் பொருள். இவற்றில் ஈடுபடும் மாணவர்களின் அக்கறையைச் சந்தேகிக்க இடமில்லை. இரவு முழுவதும் கண் விழித்து, அரை மணிக்கொரு முறை மாதிரி எடுத்துச் சோதிக்கும் இருபது வயது இளைஞர்கள் இவர்கள். கண்டறிந்தது குடுவையைத் தாண்டுவதற்கு வழியில்லை என்பதுதான் இவர்களுடைய குறை.

சுதேசியில் பிறந்த படிப்பு

இந்தத் துறை இந்தியாவில் வேரூன்றிய வரலாற்றைப் பார்த்தால், இந்நிலை விந்தையானது. வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கத்தின் எழுச்சியில் 1906-ஆம் ஆண்டு கல்கத்தாவில் தேசியக் கல்விக் கழகம் தோன்றியது. அன்னியத் துணியைப் புறக்கணித்தால் மட்டும் போதாது, சாயமும் சோப்பும் மருந்தும் நாமே செய்ய வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அந்த மரபில் வளர்ந்து பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக மாறிய நிறுவனத்தில்தான் 1921-இல் வேதிப் பொறியியல் பாடம் தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்ட ஹீராலால் ராய், நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1947 மே மாதம், இந்திய வேதிப் பொறியாளர் கழகத்தையும் தொடங்கி வைத்தார். சென்னையில் அழகப்பச் செட்டியாரின் கொடையில் 1944-இல் பிறந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் இதே காலத்தின் குழந்தை.

மும்பையில் 1933-இல் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கி இன்று வேதித் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் கல்விக்கூடம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. நகரின் துணி ஆலைகளுக்குச் சாயத் தொழில்நுட்பம் தேவைப்பட்டது; படிப்பும் அங்கிருந்தே தொடங்கிற்று. 1964-இல் தமது 27-ஆம் வயதில் அங்கே பேராசிரியராகப் பொறுப்பேற்ற எம்.எம். சர்மா, ஆலைகளில் எழும் சிக்கல்களை முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வுப் பொருளாக்கினார். 1990-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்பெருமை பெற்ற முதல் இந்தியப் பொறியாளர் அவரே. ஆலைக்கும் வகுப்பறைக்கும் இடையே அவர் போட்ட பாலத்தின் வழியே வந்த மாணவர்கள் பலர் பின்னாளில் மருந்து, சாயம், பெட்ரோலிய வேதிப்பொருள் தொழில்களின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தனர். மும்பையில் கைகூடியது ஏனைய நகரங்களில் பரவலாகக் கைகூடவில்லை. அக்கம்பக்கத்தில் ஆலைகள் இருந்தும், கல்லூரி வாசலை மிதிக்காத ஆலை மேலாளர்களும் ஆலை வாசலை மிதிக்காத பேராசிரியர்களும் இந்நாட்டில் ஏராளம்.

பத்தாயிரம் மடங்கு

குடுவையில் நடந்தது பெரிய கலனில் ஏன் நடப்பதில்லை? வேதியியலையும் வேதிப் பொறியியலையும் பிரிக்கும் கோடே இக்கேள்விதான். அரை லிட்டர் குடுவையில் நிகழ்ந்த வினையை 5,000 லிட்டர் கலனில் நிகழ்த்த வேண்டுமானால், கொள்ளளவு 10,000 மடங்கு பெருகுகிறது. ஆனால் அதே வடிவக் கலனின் புறப்பரப்பு ஏறத்தாழ 460 மடங்குதான் பெருகும். வினையில் பிறக்கும் வெப்பம் கொள்ளளவைப் பொறுத்தது. அது வெளியேறுவதோ புறப்பரப்பின் வழியே. ஆக, குடுவையின் சுவர் வழியே தானாகத் தணிந்துவிட்ட சூடு, பெரிய கலனில் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. கலக்குவதும் அப்படியே. குடுவையில் ஒரு காந்தத் துண்டு சுழன்றாலே போதும். கலனில் மூலை முடுக்குகளில் கலவாத பகுதிகள் நின்றுவிடும்.

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கன்று. 2020 மே 7-ஆம் தேதி விடியற்காலையில் விசாகப்பட்டினத்தின் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில், ஊரடங்கினால் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த ஸ்டைரீன் தொட்டி தானாகச் சூடேறி ஆவியைக் கக்கியது. பன்னிரண்டு பேர் மாண்டனர். ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழுவின் விசாரணையில், தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே வெப்பநிலை அளக்கப்பட்டு வந்ததும், மேற்பகுதியில் சூடு ஏறியது தெரியாமல் போனதும் வெளிப்பட்டன. ஒரு கலனுக்குள் எல்லா இடமும் ஒரே வெப்பநிலையில் இருக்காது என்ற பாடத்தை மாணவர் நேரில் கண்டு கற்கும் இடம் குடுவையன்று. சில நூறு லிட்டர் கொள்ளும் முன்னோட்ட ஆலைதான் அந்த இடம். நமது கல்லூரிகளில் அரிதாக இருப்பதும் அதுவே.

வைக்கோல் சொல்லும் கதை

வைக்கோலுக்கே திரும்புவோம். தமிழக வாசகர் ஒருவருக்கு முதலில் எழும் ஐயம், மாட்டுக்குப் போட வேண்டியதை ஏன் எரிக்கிறார்கள் என்பதுதான். பஞ்சாபில் மாட்டுத் தீவனம் கோதுமை வைக்கோல். நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி என்பதால் அங்கே அதைப் பெரிதும் விரும்புவதில்லை. அறுவடை இயந்திரம் கதிரைக் கொய்துவிட்டு அடித்தாளை வயலிலேயே நிற்க விட்டுச் செல்கிறது. நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாப் அரசு 2009-இல் இயற்றிய சட்டம், ஜூன் 10-க்கு முன் நாற்று நடுவதைத் தடை செய்தது. அதனால் அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்கு முன் கிடைக்கும் இடைவெளி இரண்டு மூன்று வாரங்களாகச் சுருங்கிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் வைக்கோல். கையில் இருப்பதோ இருபது நாள். தண்ணீரைக் காக்க வந்த சட்டம் காற்றுக்குப் பகையானது.

ஆய்வுக்கூடத்தில் 50 கிராம் வைக்கோலைக் காஸ்டிக் சோடாவில் வேக வைத்தால், நாரைப் பிணைத்திருக்கும் லிக்னின் கரைந்து அழகான கூழ் கிடைக்கும். மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் வைக்கோலின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதுவும் காரத்தில் கரைந்து கழிவுக் கரைசலோடு போகிறது. காரத்தை மீட்பதற்காக அக்கரைசலை ஆவியாக்கிகளில் சுண்டக் காய்ச்சும்போது சிலிக்கா குழாய்களில் கல்லாகப் படிந்து அடைத்துக் கொள்கிறது. காரத்தை மீட்காவிட்டால் செலவு கட்டாது. கழிவை ஆற்றில் விட்டால் ஆறு கெடும். வைக்கோலை நம்பிய காகித ஆலைகள் நெடுங்காலமாகப் படும் பாடு இது. குடுவையில் ஒருமுறை காய்ச்சிக் கழிவைக் கொட்டிவிடும் மாணவருக்கு இச்சிக்கல் கண்ணில் படவே படாது. வயலிலிருந்து வரும் வைக்கோலோடு சேர்ந்து வரும் மண், ஈரம், மழையில் நனைந்த கட்டுகளின் அழுகல், லாரி கொள்ளாத பருமன் ஆகியவையும் அப்படியே.

தில்லி ஐ.ஐ.டி. மாணவர்கள் சிலர் இதைத் தாங்களே கண்டுணர்ந்தது குறிப்பிடத்தக்கது. வேளாண் கழிவிலிருந்து தட்டும் கோப்பையும் செய்யலாம் என்று மாணவர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியவர்கள், வைக்கோலை உழவரிடமிருந்து வாங்கிக் கூழாக்கித் தரும் சிற்றாலை எங்குமே இல்லை என்பதைக் கண்டு, தட்டை விட்டுவிட்டுக் கூழுக்குத் திரும்பினர். கிரியா லேப்ஸ் என்ற பெயரில் நிறுவனமாகி, நாளொன்றுக்குச் சில டன் வைக்கோலைக் கிராமங்களுக்கு அருகிலேயே கூழாக்கும் ஆலைக்குத் திட்டம் வகுத்ததாக 2018-இல் செய்தி வந்தது. அன்று நாடே இதைப் பாராட்டிற்று. பாராட்டியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது ஆலைக்கும் மூன்றாவது ஆலைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

படிப்படியாக ஏறியவர்களும் உண்டு. மும்பை வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு அமைந்த ஆற்றல் ஆய்வு மையம், பயிர்க் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் முறையை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது. பின்னர் உத்தரகண்டின் காசிப்பூரில் நாளொன்றுக்கு 10 டன் கையாளும் செயல்விளக்க ஆலையாக அதை 2016 ஏப்ரலில் நிறுத்திக் காட்டியது. புணேயைச் சேர்ந்த பிராஜ் நிறுவனம் 2017-இல் மகாராஷ்டிரத்தின் மகாடில் ஏறத்தாழ இதே அளவில் ஓர் ஆலை கட்டிப் பார்த்தது. அதன் பிறகே இந்தியன் ஆயில் நிறுவனம் பிராஜின் தொழில்நுட்பத்தில் பானிப்பட்டில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிட்ட ஆலையை அமைத்தது. பிரதமர் 2022 ஆகஸ்ட் 10-இல் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். பஞ்சாபின் வைக்கோலோடு ஒப்பிட்டால் இது நூற்றில் ஒரு பங்கு. ஆயினும் குடுவையிலிருந்து பானிப்பட்டுக்கு ஒரே தாவலில் யாரும் போகவில்லை.

பணம் எங்கே நிற்கிறது

ஆராய்ச்சிக்கு இந்தியா செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் என்கிறது 2020-21 ஆண்டுக்கான அரசுக் கணக்கு. அதில் தனியார் தொழில்துறையின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. இக்குறையைப் போக்கவே 2023-இல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியேயிருந்து வர வேண்டும் என்பது அறிவிப்பின் இரண்டாம் வரி. ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்கத் தயங்கிய தொழிலதிபர்கள் சட்டம் வந்ததும் மனம் மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்பது விளங்கவில்லை.

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் சற்று வேறானது. தொழில்நுட்பத்தின் முதிர்ச்சியை ஒன்று முதல் ஒன்பது வரையிலான படிகளால் அளக்கும் முறை அமெரிக்காவின் நாசாவிலிருந்து வந்தது. அதில் நான்காம் படியையும் அதற்கு மேலும் எட்டிய தனியார் முயற்சிகளுக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்டகாலக் கடனும் மூலதனமும் தருவது இத்திட்டம், மானியம் கிடையாது. ஆனால் மாணவரின் ஆய்வு மூன்றாம் படியில், அதாவது குடுவையில் நிரூபித்த நிலையில் நிற்கிறது. மூன்றிலிருந்து ஐந்துக்கு ஏற்றும் ஏணி யார் பொறுப்பு? உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள பைராக் அமைப்பு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. மாணவர் நிறுவனங்கள் பல அதனால்தான் உயிர் பிழைத்தன. இத்தொகை ஒரு நல்ல கருவிக்கும் நான்கு பேரின் சம்பளத்துக்கும் போதும். ஆலைக்குப் போதாது.

கொடுத்த கை பிடுங்கிய கதைகளும் உண்டு. ஆய்வுக்கூடக் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலையில் விலக்கப்பட்டு 18 சதவீதமாயிற்று. ஆராய்ச்சி மானியத்துக்கே வரி கேட்டு, தில்லி ஐ.ஐ.டி.க்கு 2024-இல் 120 கோடி ரூபாய் கோரும் நோட்டீஸ் போயிற்று. கூச்சல் எழுந்த பின், அந்த ஆண்டு செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் ஆராய்ச்சி மானியத்துக்கு விலக்களிக்க முடிவு செய்தது. முனைவர் பட்ட ஆய்வாளர்களின் உதவித்தொகையும் கேட்காமல் உயர்ந்ததில்லை. 2019 ஜனவரியில் ஆய்வாளர்கள் தில்லித் தெருவில் இறங்கிய பிறகே அது 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆனது. 2023-இல் 37,000 ஆனது. ஒரு வெப்பமானியை வாங்க மூன்று விலைப்புள்ளி கேட்கும் கொள்முதல் விதிகள் மட்டும் 2025 ஜூனில் கேட்ட அளவுக்குச் சற்றுத் தளர்த்தப்பட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்லூரிகளையும் குறை சொல்லாமல் இருக்க முடியாது. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணம் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. தேசியத் தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. விளைவு, மாணவரின் சோதனை முடிந்ததும் காப்புரிமை விண்ணப்பம் போகிறது, தரவரிசைப் படிவத்தில் ஓர் எண் கூடுகிறது, அதோடு அனைவரும் கலைகிறார்கள். முன்னோட்ட ஆலை ஒன்றை இயக்கிக் காட்டியதற்கு எந்தப் படிவத்திலும் அப்படியொரு தனிக் கட்டம் இல்லை.

இருபது நாளும் எட்டு மாதமும்

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாள்காட்டிச் சிக்கல் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இறுதியாண்டு மாணவர் ஆகஸ்டில் தலைப்பைத் தேர்கிறார். வைக்கோல் அக்டோபரில் வருகிறது. செமஸ்டர் தேர்வும் வேலைவாய்ப்பு முகாமும் டிசம்பர் வரை அவரை விழுங்குகின்றன. ஜனவரியிலிருந்து மார்ச் வரை சோதனை, ஏப்ரலில் அறிக்கை. எது தவறிற்று என்று தெரிய வரும்போது அவர் சான்றிதழோடு பெங்களூரின் மென்பொருள் நிறுவனத்துக்குப் புறப்பட்டிருப்பார். அடுத்த அறுவடையில் திருத்திப் பார்க்க அவரில்லை. புதிதாக வரும் மாணவருக்குப் பழையவரின் வெற்றி அறிக்கையில் இருக்கிறது; தோல்விகள் அவரோடு போய்விட்டன. எனவே அவரும் 50 கிராமிலிருந்து தொடங்குகிறார்.

இதைத் திருத்த 1 லட்சம் கோடி வேண்டியதில்லை. ஒரே ஆய்வுப் பொருளை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு துறை விடாமல் பிடித்துக் கொண்டு, ஒவ்வோர் ஆண்டின் மாணவர் குழுவும் முந்தைய குழு விட்ட இடத்திலிருந்து தொடங்குமாறு செய்யலாம். தவறிய சோதனைகளையும் குறித்து வைப்பதைக் கட்டாயமாக்கலாம். நாளொன்றுக்கு 100 கிலோ கையாளும் பொது முன்னோட்டக் கூடங்கள் மண்டலத்துக்கு ஒன்று என்று அமைத்து, அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்ற பேதமின்றி மாணவர்களுக்குத் திறந்துவிடலாம். பஞ்சாப் மண்டலத்துக்கான கூடம் நெல் வயல்களுக்கு நடுவிலேயே அமையலாம். ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஐந்தாண்டுக் காலக்கெடு 2028-இல் முடிகிறது. அதன் செலவுத் தலைப்புகளில் இப்படியொன்றைச் சேர்க்கச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. அதன் ஆட்சிக் குழு ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தால் போதும். அக்குழுவின் தலைவர் பிரதமர்.